கை எட்டாத இடம்

படுக்கை விரிப்பை ஒரே ஆளாக மடிப்பது எப்படி என்று அவர் வீட்டில்தான் பார்த்தேன். விரிப்பின் இரண்டு நுனிகளை அலுமாரிக்குள் வைத்துக் கதவை இறுக்கிச் சாத்தினார். மற்ற இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து போய், ஓங்கி உதறி, இழுத்து நேராக்கி, மடித்துக்கொண்டே கதவு வரைக்கும் திரும்பி வந்தார். எதிர்முனையில் ஒரு மனிதர் நின்று பிடிப்பது போல அந்தக் கதவு பிடித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"என்கிட்ட குடுத்திருக்கலாமேக்கா, ஒரு பக்கம் பிடிச்சிருப்பேன்ல?"

"நீர் போனாப் பிறகும் நான் மடிக்கத்தானே வேணும்" என்றார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாக.

அவருக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. யாழ்ப்பாணத்துக்காரர். சிட்னியில், ஹரிஸ் பார்க் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், இரண்டாம் மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். ஜன்னலைத் திறந்தால் கீழே ஜிலேபி பொரியும் வாசனை வரும். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. பார்க்கிறவர்கள் எல்லாம் அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் கூப்பிட்டேன். "நான் ஆருக்கும் அன்ரி இல்லை. அக்கா எண்டு சொல்லும்" என்றார். பதிலுக்கு என்னை 'நீர்' என்றார். திருச்சியில் வளர்ந்த எனக்கு அந்த 'நீர்' நாடகத்தில் ராஜா பேசுவது போலக் கேட்டது. போகப் போக, வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை என்பதற்காகவே அது பிடித்துப்போயிற்று.

இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்வதற்கு அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருந்தது. முதுகுப் பக்கம் ஜிப் வைத்த சட்டைகளில், ஜிப்பின் காதில் ஒரு நீளக் கயிறு கட்டியிருப்பார். போட்டு இழுத்தபின் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். கைச்சங்கிலியைப் பூட்ட ஒரு ஊக்கு. ஃபிரிட்ஜை நகர்த்த, அதன் அடியில் பழைய துவாலை. நடைக்குழுவில் மற்றவர்கள் ஒருவர் பையை ஒருவர் தூக்கித் தோளில் மாட்டிவிடும்போது, இவர் மட்டும் தள்ளிப்போய் ஒரு பாறையைத் தேடுவார். பையைப் பாறைமேல் நிறுத்தி, அதன்முன் உட்கார்ந்து, கைகளை வாரில் நுழைத்து, முன்னால் சாய்ந்து எழுந்துவிடுவார். ஓடையைத் தாண்டும்போது யாராவது கை நீட்டினால், அந்தக் கையைப் பார்க்காதது போலக் கைத்தடியை ஊன்றித் தாண்டுவார். அது திமிர் என்று எங்கள் குழுவில் சிலர் பேசிக்கொண்டார்கள். நீட்டிய கை வெறுமனே திரும்பிவந்த கோபம் அவர்களுக்கு.

குழு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சிட்னியின் மேற்குப் பக்கத்துத் தமிழர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து காட்டுப்பாதைகளில் நடப்போம். நான் அதில் சேர்ந்த காரணம், குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மிகவும் நீளமாக இருந்ததுதான். கணவருக்குப் பெர்த்தில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகன் கன்பராவில் படிக்கப் போய்விட்டான். நான்கு அறைகளிலும் விளக்கைப் போட்டுவிட்டு ஒரு அறையில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஏப்ரல் விடுமுறையில், சிட்னியிலிருந்து நியூகாசில் வரை காட்டுவழியாகப் போகும் நீண்ட பாதையில் நடப்பது என்று முடிவாயிற்று. ஆறு பேர் கிளம்பினோம். வழியில் ஓர் ஆற்றங்கரை ஸ்டேஷன் வந்ததும் நான்கு பேர், விடுமுறை முடிந்தது என்று ரயில் ஏறிவிட்டார்கள். நானும் அவரும் மட்டும் மிஞ்சினோம்.

"நீரும் போகலாம். நான் தனிய நடப்பன்" என்றார்.

"நான் வர்றேன்க்கா. வீட்டுல போய் என்ன பண்ணப் போறேன்?"

பையை மாட்ட ஒரு பாறையைத் தேடிப் போனார்.

ஆற்றைத் தாண்டியபின் பாதை, யாரோ எப்போதோ விட்டுப்போன ஒரு வீட்டின் பின்புறமாகப் போயிற்று. வீடு இடிந்து கிடந்தது; தோட்டம் மட்டும் தன்பாட்டுக்கு வளர்ந்து காட்டோடு கலந்திருந்தது. பக்கத்தில் சுத்தமான ஓடை. அவர் நடக்கும்போது போட்டிருந்த சட்டையை அலசினார். வெயில் படுகிற இடத்தில் ஒரு சிறிய மரம், இலையெல்லாம் குங்குமச் சிவப்பு. இலையுதிர்காலத்தில் இங்கே பல மரங்கள் சிவக்கும். ஆனால் இது தீப்பிடித்தது போலிருந்தது. "என்ன வடிவு!" என்றார். குறுக்கே நின்ற நாலைந்து கிளைகளைக் கையாலேயே ஒடித்துப்போட்டு, சட்டையை அந்த இலைகள்மேல் விரித்தார். ஒடித்த இடத்தில் பால் வடிந்ததை இரண்டு பேருமே பார்த்தோம். சாப்பிட்டு முடிவதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் மத்தியானம்தான் அவர் தோளை அடிக்கடி அசைப்பதைக் கவனித்தேன். பையின் வார் அறுக்கிறது போல என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் காலையில் கூடாரத்திலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கண்ணிமை வீங்கித் தொங்கியது. விரல்களுக்கு நடுவே நீர்க்கொப்புளங்கள். கழுத்துப் பின்பக்கம் தீயில் வாட்டியது போலச் சிவந்திருந்தது.

"எறும்பு ஏதும் கடிச்சிருக்கும்" என்றார்.

"எறும்பா? அக்கா, முகத்தைப் பாத்தீங்களா?"

"கண்ணாடி கொண்டுவரேல்லை."

ஒரு முறை கூடச் சொறியவில்லை. அரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். எலும்பு வரை அரிக்குமாம். அவர் இரண்டு கைகளிலும் கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, தார்ச்சாலை வரும்வரை நடந்தார். பை உரசுகிற ஒவ்வொரு முறையும் மூச்சு நின்று வரும். "பையை நான் கொஞ்ச நேரம் தூக்குறேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் காது கேட்காதவர் போல நடந்தார்.

சாலையில் ஒரு பெண்மணி, யூட் என்கிற சிறிய சரக்கு வண்டியை நிறுத்தினார். நல்லவர்தான். ஆனால் அக்காவின் கையைப் பார்த்ததும் முகம் மாறியது. இருக்கையில் ஒரு பழைய போர்வையை எடுத்து விரித்தார். "ஒட்டிக்கொள்ளுமா?" என்று என்னிடம் கேட்டார், அவரிடம் கேட்கவில்லை. அக்கா பின்பக்கம், பைகளோடு திறந்த தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வயலும் மரங்களும் கடந்து போகிற அந்த வழி முழுக்க, கண்ணாடி வழியாக அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காற்றில் தலைமுடி பறந்தது. அவர் திரும்பவே இல்லை.

சிற்றூர் மருந்துக்கடையில் இருந்த பெண் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "சிவப்பு இலை மரத்தைத் தொட்டீர்களா?" அது ரூஸ் மரமாம். அழகுக்காகத் தோட்டத்தில் வைத்தது, பறவைகள் விதை தூக்கிப்போய்க் காடெல்லாம் முளைத்துவிட்டதாம். அமெரிக்காவில் நடக்கப் போகிறவர்கள் பயப்படும் பாய்சன் ஓக் செடிக்கு இது நெருங்கிய சொந்தம். மாமரமும் முந்திரியும் கூட அதே குடும்பம் என்றாள். எனக்கு உடனே ஊரில் துணிக்குக் குறி போடுகிற, பட்டால் தோலைப் புண்ணாக்குகிற சேராங்கொட்டை ஞாபகம் வந்தது.

"மாமரமோ?" என்றார் அக்கா. வந்ததிலிருந்து அப்போதுதான் முகத்தில் ஓர் உயிர்ப்பு. "சின்னனில மாம்பால் பட்டாலே எனக்கு வாய் வெந்துபோம்."

கொப்புளத்து நீரால் மற்றவர்களுக்கு ஒட்டாது, மரத்தின் பிசின்தான் ஒட்டும், துணி, பை, கைத்தடி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினாள். ஊர் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலமைன் லோஷன் பூசச் சொன்னார். சில நாள் நடக்கக் கூடாது என்றார். பயணிகள் தங்குகிற கேரவன் பார்க்கில் ஒரு சின்ன அறை எடுத்தோம். வீங்கிய கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, பைகளையும் தடிகளையும் அவரேதான் கழுவினார். நான் கிட்டே போனபோது, "உமக்குப் பட்டிடும், தள்ளி நில்லும்" என்று அதட்டினார்.

சாயங்காலம் நான் குளித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் தரையில் ஒரு கறுப்புக் குப்பைப் பையைக் கிழித்து விரித்து, போத்தலில் இருந்த காலமைனில் பாதியை அதன்மேல் ஊற்றிப் பரப்பி, சட்டையில்லாமல் அதில் மல்லாந்து படுத்திருந்தார். மார்பைத் துவாலையால் மூடியிருந்தார். கண்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. கழுத்துக்குப் பூசிவிட்டார், தோளுக்குப் பூசிவிட்டார், கைக்குப் பூசிவிட்டார். முதுகின் நடுப்பகுதிக்கு மட்டும் மேலேயிருந்தும் கை எட்டவில்லை, கீழேயிருந்தும் எட்டவில்லை.

"அக்கா..."

"ஒரு நிமிசம். முடிஞ்சுது."

எழுந்திருக்கப் பார்த்தார். பிளாஸ்டிக் முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. கொப்புளங்கள் சில உடைந்திருக்க வேண்டும். அவர் வாயிலிருந்து வந்த சத்தம், அவ்வளவு நேரமும் அவர் அடக்கிவைத்திருந்தது. அப்படியே முழங்காலில் நின்றார். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக்கைப் பிடிக்கத் தேடினார். எட்டவில்லை. மறுபடி தேடினார். நான் அசையாமல் நின்றேன். அவர் சொல்லாமல் தொட்டால் அதை மன்னிக்கவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"ஒருக்கா இதைப் பாரும்" என்றார் கடைசியில். சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெந்நீரும் பஞ்சும் வைத்து மெதுவாக உரித்தெடுத்தேன். பிறகு ரப்பர் உறை போட்டுக்கொண்டு பூசத் தொடங்கினேன். உறை கொப்புளங்களில் ஒட்டி இழுத்தது. கழற்றி வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வெறும் விரலால் பூசினேன். தொட்டதும் அவர் முதுகு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. கன்றுக்குட்டியின் தோல் சிலிர்க்குமே, அது மாதிரி.

"வலிக்குதாக்கா?"

"இல்லை. உம்மட கை சூடா இருக்கு" என்றார்.

பிறகு சொன்னார்: "நாள் முழுக்க ஆரோ ஒருத்தரின்ர முதுகுதான் தேய்க்கிறன். கிழவிகள் எல்லாம் என்னைத்தான் கேப்பினம். எனக்குப் பின்னால இப்பிடி ஒரு கை வந்து... எப்ப எண்டு ஞாபகம் இல்லை."

பூசி முடித்தபின்னும் அவர் திரும்பவில்லை. காயட்டும் என்று நானும் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன். சுவரைப் பார்த்தபடி அவர் பேசினார். அவரைப் பற்றி அவரே பேசிக் கேட்டது அன்றுதான்.

"இந்த நாட்டுக்கு நான்தான் முதல் வந்தனான். என்ர மனுசனுக்கு விசா வந்ததும் வருவார் எண்டு இருந்தது. வந்த கையோட ஒரு அலுமாரி வாங்கினன், பெட்டிக்குள்ள துண்டு துண்டா வருமே, அது. பெட்டியைத் திறந்தால், எப்பிடிப் பொருத்துறது எண்டு படம் கீறின தாள் ஒண்டு. ஒரு ஆள் தனிய நிக்கிற படம், குறுக்கால கோடு போட்டிருக்கு. பக்கத்தில ரெண்டு பேர் சிரிச்சுக்கொண்டு நிக்கினம். சரி, அவர் வரட்டும், சேர்ந்து பொருத்திப் பூட்டலாம் எண்டு மூடிச் சுவரோட சாத்தி வச்சன். உடுப்பெல்லாம் சூட்கேசுக்குள்ளதான்."

"அப்புறம்?"

"அவர் தாயைப் பாக்க வன்னிக்குப் போனவர். பாதை பூட்டிட்டினம். பிறகு சண்டை. பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆரைக் கேட்டாலும் கண்டவை இல்லை."

வெளியே யாரோ குழந்தைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

"கனகாலம் அந்தப் பெட்டி சுவரோட நிண்டது. வீடு மாறேக்கையும் அப்பிடியே கொண்டு வந்தனான். ஒருநாள் லீவில நிண்டன். திறந்து பூட்டத் தொடங்கினன். ஒரு பலகையைத் தலையால முட்டுக் குடுத்து, மற்றதைக் காலால பிடிச்சு... பின்னேரம் ஆச்சு. ஆனா நிமிந்து நிண்டது. கதவு ரெண்டும் நல்லாச் சாத்துப்பட்டது. அப்பதான் எனக்கு விளங்கினது, அவர் இனி வரமாட்டார் எண்டு. அவ்வளவு நாளும் விளங்கேல்லை."

என் கை அவர் தோளில் இருந்தது. அதை எடுக்காமல் வைத்திருந்தேன். அவரும் விலகவில்லை.

அந்த அறையில் இருந்த நாட்களில் காலையும் மாலையும் பூசினேன். நேரம் வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேசுவதும் உண்டு, பேசாமல் இருப்பதும் உண்டு. வீக்கம் வற்றி, கொப்புளங்கள் காய்ந்து தோல் உரியத் தொடங்கியது. கடைசி நாள் காலையில் பார்த்தேன், பூச வேண்டிய தேவையே இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும். இருந்தாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். நானும் பூசினேன். மீதிப் பாதையை விட்டுவிட்டு ரயிலேறி வீடு திரும்பினோம்.

எனக்கு ஒரு அக்கா கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. போன் செய்தால், "வேலை கூட. பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுவார். ஒரு சனிக்கிழமை சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து எடுத்துக்கொண்டு போய் மணியை அடித்தேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

"முதுகு எப்படிக்கா இருக்கு?"

"சுகம் வந்திட்டுது. தழும்பும் இல்லை."

"நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

"சீச்சீ." தலையை ஆட்டினார். பாத்திரத்தின் மூடியைத் தடவிக்கொண்டே நின்றார். "கோவிக்காதையும். அங்கயிருந்து வந்தாப் பிறகு பின்னேரமானா நான் கதிரையைத் திருப்பிப் போட்டிட்டு இருக்கிறன். ஒருத்தரும் இல்லாத வீட்டில. விளங்குதோ? நீர் வந்தால் நான் பழகிப்போடுவன். பிறகு நீர் ஒருநாள் உம்மட மனுசனோட பெர்த்துக்குப் போவீர். தனிய இருக்கப் பழகிறதுக்கு எனக்கு எவ்வளவு காலம் எடுத்தது எண்டு உமக்குத் தெரியாது. திரும்ப முதலில இருந்து ஏலாது."

"நான் எங்கேயும் போகலைக்கா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை." சிரித்தார். அன்பான சிரிப்புத்தான். "போயிட்டு வாரும், என்ன."

படியிறங்கிக் கீழே வந்தேன். ஸ்டேஷன் வரைக்கும் தெரு முழுக்கக் கூட்டம். கடை வாசல்களில் குடும்பம் குடும்பமாக நின்று தின்றுகொண்டிருந்தார்கள். என்னை யாரும் இடிக்காமல், தொடாமல் அவ்வளவு கூட்டத்தையும் கடந்து போனது நினைவிருக்கிறது.

அந்த வருடமே அவர் மெல்பர்னில் வேறொரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சாமான்களை ஏற்ற உதவலாம் என்று நான் போனபோது, லாரி புறப்பட்டிருந்தது; கழுவிய என் பாத்திரம் மட்டும் பக்கத்து வீட்டில் இருந்தது.

மெல்பர்னிலிருந்து எப்போதாவது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். நடக்கிற பாதையின் படம். ஒரு மரக்கதவு, பனி மூடிய மேடு, யூகலிப்டஸ் பட்டை உரிந்து கிடக்கிற வழி. படத்தில் மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். எழுத்தும் இருக்காது. "அழகா இருக்குக்கா" என்று நான் அனுப்புவேன். "ஓம்" என்று வரும். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இப்படியே சில வருடங்கள் போயின.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு படம் வந்தது. கடலோரப் பாதை. கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் நடந்து போய்க்கொண்டிருந்தாள், முதுகில் பையோடு. பெரிதாக்கிப் பார்த்தேன். அவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. படத்தின் கீழ்ப்பக்கம், மணல்மேல், படம் எடுத்தவரின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. தொப்பி போட்ட நிழல். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.

'யாருக்கா எடுத்தது?' என்று எழுதினேன். அழித்துவிட்டேன். எப்போதும் அனுப்புகிற வரியையே அனுப்பினேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. ஆனாலும் காப்பி போட எழுந்தவள் அடுப்பைப் பற்றவைக்காமல் குசினியிலேயே நின்றுகொண்டிருந்தேன். சமையலறையைக் குசினி என்று நான் சொல்லத் தொடங்கியது எப்போது என்று தெரியவில்லை. அவர் பேச்சிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

"ஓம்" என்று பதில் வந்தது. போனைக் கீழே வைத்தேன். மறுபடி ஒரு சத்தம்.

"நீர் எப்பிடி இருக்கிறீர்?"

அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் எழுத விரலை வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.